மாட்டேனக்காவும் இரண்டு டிஸ்க்கும்

கீழ்த்தளத்துச் செருப்புக் கடைக்காரரிலிருந்து மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் வரை அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் மாட்டேனக்கா. இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. அதில் ஜன்னலோரப் பெஞ்சு அவளுடையது. பதினேழு வருடத்தில் அவளை அந்தப் பெஞ்சிலிருந்து நகர்த்தப் பார்த்தவர்கள்தான் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள்.

பட்டப்பெயர் வைத்தவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர், “ஏம்மா, நீ கவுண்டர்ல உக்காந்து டோக்கன் எழுது. வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசு, அது போதும்” என்றார்.

“மாட்டேண்ணே. சிரிப்பு வந்தாத்தான் சிரிப்பேன். திருப்புளி குடுங்க” என்றாள் அவள்.

அதற்கு முன் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தாள். அங்கே மிஷின் படுத்துவிட்டால் சர்வீஸ்காரர் வர மூன்று நாள் ஆகும். வந்ததும் முதல் வேலையாக, “தள்ளி நில்லும்மா, எதையும் தொடாதே” என்பார். அவளும் தள்ளித்தான் நின்றாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டா நின்றாள்? எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். நாலாவது முறை அவர் வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா!

கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். “கல்யாணத்துக்கப்புறம் இந்த ஸ்க்ரூ முடுக்குற வேலையெல்லாம் விட்டுடுவே இல்ல?” என்று வருங்கால மாமியார் கேட்டார். “மாட்டேன் அத்தை” என்று பளிச்சென்று பதில் வந்தது. புத்தக பைண்டிங் செய்யும் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: “எங்கம்மாகிட்ட அதுவரைக்கும் யாருமே அப்படிச் சொன்னதில்ல. அந்த மாட்டேனைக் கேட்டுத்தான் நான் சரின்னேன்.”

அவள் பெஞ்சுக்கு அடியில் நாலு பெரிய பிஸ்கட் டின் இருக்கும். கடைக்கு வந்துபோன ஒவ்வொரு மிஷினின் டிரைவர் சி.டி.யையும் பிரதி எடுத்து, மேலே மார்க்கரில் மதர்போர்டு எண்ணும் தேதியும் எழுதி, அதில் அடுக்கியிருந்தாள். டிரைவர் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓ.எஸ். ஒரு பாஷை பேசும், உள்ளே இருக்கும் டிஸ்க்கும் சிப்பும் வேறு பாஷை பேசும். நடுவில் நின்று பேச்சைப் புரிய வைக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது இல்லையென்றால் எதிரிலேயே இருக்கும் டிஸ்க்கை ஓ.எஸ். ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று சாதிக்கும்.

“எல்லாம் நெட்லயே கிடைக்குதும்மா. இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டா ரெண்டு பேர் கால் நீட்டலாம்” என்று முதலாளி மாதம் ஒருமுறை சொல்வார். என்ன பதில் வரும் என்று தெரிந்தே சொல்வார்.

ஆறு மாதம் முன்பு முதலாளியின் மச்சான் கடைக்குத் தலைமை இன்ஜினியராக வந்தார். முதலாளி மனைவியின் தம்பி. மூன்று சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பொல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. குரலை உயர்த்தமாட்டார், நேரத்துக்கு வருவார். ஆனால் வேலையில் பொறுமை கிடையாது. எந்த மிஷின் வந்தாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்: மொத்தமாக அழி, புதிதாக ஓ.எஸ். போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு.

அவரோடு ஒரு படிவமும் கடைக்குள் வந்தது. ‘பழுதுநீக்கத்தின்போது எனது தகவல்களை அழிக்கச் சம்மதிக்கிறேன்’ என்று எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கீழே ஒரு வரி. அதைப் படிக்கிறவர் யார்? டோக்கன் கையில் வந்தால் போதும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். “மொதல்ல படிச்சுக் காட்டி, அப்புறம் கையெழுத்து வாங்குங்க” என்று மாட்டேனக்கா இரண்டு முறை சொன்னாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் சைகை டீச்சர் வந்தார். காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறவர்; அவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கழுத்தில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் தொங்கும். வாடகை வண்டியில், போர்வை சுற்றிய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார். மாட்டேனக்கா அப்போது மூன்றாம் மாடியில் பல் மருத்துவரின் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கவுண்டரில் மச்சான் இருந்தார்.

‘ஆன் பண்ணினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வீடியோக்கள் இருக்கின்றன. அவை ரொம்ப முக்கியம்’ என்று டீச்சர் எழுதிக் காட்டினார். மச்சான் பலமாகத் தலையாட்டினார். படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தட்டினார். டீச்சர் போட்டார்.

மத்தியானம் மாட்டேனக்கா கீழே வந்தபோது அவள் பெஞ்சிலேயே அந்த மிஷின், ‘சைகை டீச்சர், வீடியோ’ என்று எழுதிய டோக்கனோடு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே மாதிரி இரண்டு டிஸ்க், ஒன்றன்மேல் ஒன்றாக. பார்த்த உடனே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீடியோ வேலை செய்கிறவர்கள் வேகத்துக்காக இப்படி இரண்டு டிஸ்க்கை ரெய்டு என்ற முறையில் ஒன்றாகக் கோத்துவிடுவார்கள். ஒரு கடிதத்தை எழுத இரண்டு பேரை உட்கார வைத்து, ஒரு வார்த்தையை இவர் தாளிலும் அடுத்த வார்த்தையை அவர் தாளிலும் மாற்றி மாற்றி எழுதச் சொன்ன மாதிரி. எழுதுவது சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு தாள் போனால் கடிதமே போச்சு.

திரையில் ஓ.எஸ். போடுகிற இன்ஸ்டாலர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டிஸ்க்கும் தனித்தனி வரியாகத் தெரிந்தன. முதலாவதின் அளவு ஏடாகூடமாக இருந்தது. இரண்டாவதில் ‘ஒதுக்கப்படாத இடம்’, அதாவது ஒன்றுமே இல்லை. மச்சானின் கை மவுஸில், அம்பு ‘அழி’ என்ற பொத்தானின் மேல்.

“சார், நிறுத்துங்க. பயாஸ்ல எதையாவது மாத்தினீங்களா?” பயாஸ் என்றால், ஓ.எஸ். எழுவதற்கு முன்பே எந்த டிஸ்க்கை எப்படிப் பார்ப்பது என்று மிஷினுக்குச் சொல்லும் அடிப்படை அமைப்பு.

“மொதல்ல டிஸ்க்கே தெரியலம்மா. பயாஸ்ல ரெய்டுன்னு இருந்துச்சு, அத சாதா மோடுக்கு மாத்தினேன். இப்ப பாரு, ரெண்டும் அழகாத் தெரியுது. ஒண்ணு கரப்ட், இன்னொண்ணு காலி. அழிச்சுட்டு ஓ.எஸ். போட்டா வேல முடிஞ்சுது.”

“காலி இல்ல சார் அது. பாதி வீடியோ அதுலதான் இருக்கு. கோர்த்ததை நீங்க பிரிச்சுட்டீங்க, அதனால காலின்னு காட்டுது.”

“கஸ்டமர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு. நீ போய்ச் சாப்பிடு.”

சொல்லிக்கொண்டே விரலை அசைத்தார். ‘இந்தப் பகுதியிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?’ என்று திரை கேட்டது. மாட்டேனக்கா அதற்குமேல் பேசவில்லை. குனிந்து பவர் ஒயரைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. மச்சான் மவுஸைப் பிடித்தபடியே வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து ஓடி வந்தார்.

“கஸ்டமர் மிஷின்ல ஒயரப் புடுங்கலாமா? பதினேழு வருஷமா இதான் கத்துக்கிட்டியா?”

“அழிக்கறதுக்கு முன்னாடி புடுங்கலாம்ணே. அழிச்சதுக்கு அப்புறம்தான் புடுங்கிப் பிரயோஜனமில்ல.”

“அவர் இன்ஜினியர்ம்மா!”

“இருக்கட்டும். நான் அழிக்கவும் மாட்டேன், அழிக்க விடவும் மாட்டேன். டீச்சர் வரட்டும். அந்தப் படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு அவங்க படிச்சு, மறுபடி சரின்னு சொன்னா அப்புறம் பாத்துக்கலாம்.”

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த டிஸ்க் எழுந்து வராவிட்டால் நாளையிலிருந்து அவள் கவுண்டரில் டோக்கன்தான் எழுத வேண்டும் என்று கத்தினார். “எழுதுறேன்” என்றாள். பதினேழு வருடத்தில் அவள் அவருக்குச் சம்மதம் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

டீச்சர் எங்கேயும் போயிருக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்துதான் இருந்தார். ஒயர் பிடுங்கப்பட்டதும், மூன்று பேர் வாய்களும் வேகவேகமாக அசைந்ததும் அவருக்குத் தெரிந்தது. எழுந்து வந்து நோட்டை நீட்டினார்: ‘என்ன சண்டை? என் வீடியோ எங்கே?’

மாட்டேனக்கா ஒளிக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதினாள், படிவத்தின் கடைசி வரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். படிக்கப் படிக்க டீச்சர் முகம் வெளுத்துப்போயிற்று. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதினார்: ‘பதினோரு வருடமாக எடுத்த சைகை அகராதி. நாலாயிரத்து முந்நூறு வார்த்தை. வயதானவர்களைத் தேடித் தேடிப் போய் எடுத்தேன். அவர்களில் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை. பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.’

மாட்டேனக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, மச்சான் மேல் வந்த அதே அளவு அந்த எறும்பு எழுத்தின் மேலும். மச்சான் பக்கம் திரும்பினாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாவது டிஸ்க்கைக் கழட்டி வேற மிஷின்ல மாட்டிப் பாத்தீங்களா?”

மச்சான் கழுத்தைச் சொறிந்தார். “காலைல பாத்தேன்.”

“அப்ப ‘இந்த டிஸ்க்கைத் தயார் பண்ணட்டுமா’ன்னு ஒரு கேள்வி வந்திருக்குமே. ஓகே குடுத்தீங்களா?”

“ஞாபகமில்ல.”

அந்த ஒரு ஓகேயை அழுத்தியிருந்தால், இரண்டு டிஸ்க்கையும் கோத்து வைத்திருக்கும் குறிப்பு அழிந்திருக்கலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற தப்பு இது. ஒன்றுமே தெரியாதவர்கள் டிஸ்க்கைக் கழற்றியே பார்க்கமாட்டார்கள். கேள்வி வந்தால் கை தானாக ஓகேயில் விழும், ஒரு நாளைக்கு நூறு தடவை விழுந்து பழகிய கை. அவள் கையும் அப்படி விழுந்திருக்கிறது, ஒருமுறை, ஒரு போட்டோக்காரருடைய டிஸ்க்கில். அதற்குப் பிறகுதான் அவள் எந்தக் கேள்விக்கும் முதலில் ‘வேண்டாம்’ என்று அழுத்தக் கற்றுக்கொண்டாள்.

ஒயரை மாட்டினாள். பயாஸுக்குள் போய் சாதா மோடை மறுபடி ரெய்டுக்கு மாற்றினாள். மிஷின் அணைந்து எழுந்தது. கறுப்புத் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. டீச்சர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியும் வந்து நின்றார், கோபத்தை மறந்து.

முதல் டிஸ்க், சேர்ந்த டிஸ்க். இரண்டாம் டிஸ்க், சேர்ந்த டிஸ்க். நிலை: நார்மல். பச்சை எழுத்து.

‘பாதி இருக்கிறதா?’ என்று டீச்சர் எழுதினார்.

‘ரெண்டு பாதியும் இருக்கு. இனிமேதான் வேலை. நீங்க எதிர்க்கடையில ஒரு வெளி டிஸ்க் வாங்கிட்டு வாங்க. பிரதி எடுக்காம நான் எதையும் தொட மாட்டேன்.’

டீச்சர் படியிறங்கி ஓடினார்.

இப்போது இன்ஸ்டாலரைப் போட்டால், காலையில் மச்சானுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னது: டிஸ்க் எதுவும் இல்லை, டிரைவர் கொடு. மச்சான் இந்த இடத்தில்தான் வழி மாறிப் போனார். டிரைவர் கேட்டால் டிரைவரைத் தேட வேண்டும், டிஸ்க்கின் கழுத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது.

மதர்போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து டிரைவரை இறக்கினாள். வந்தது ஒரே ஒரு செட்டப் ஃபைல். ஓ.எஸ். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில்தான் அது வேலைக்கு ஆகும், ஓ.எஸ்.ஸே இல்லாத மிஷினில் என்ன செய்யும்? அதைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபைல்களை ஒரு ஃபோல்டராக பென்டிரைவில் போட்டாள். பென்டிரைவைச் செருகினால் இன்ஸ்டாலர் பென்டிரைவையே காணோம் என்றது; வேகமான நீலத் துளைக்கும் அதனிடம் டிரைவர் இல்லை. நீலத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்னால் இருந்த கறுப்புத் துளையில் செருகினாள். இப்போது பென்டிரைவ் தெரிந்தது, ஃபோல்டரும் தெரிந்தது. தேடச் சொன்னாள். ‘பொருத்தமான டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை.’

“நெட்ல இருக்கறதே இல்லன்னா அப்புறம் எங்கேம்மா தேடுவே? விட்டுடு” என்றார் மச்சான். குரலில் குத்தல் இல்லை. காலையில் அவரும் இதே ‘டிஸ்க் இல்லை’ சுவரில்தான் முட்டியிருக்கிறார்.

“நெட்ல இருக்கறது புதுசு சார். புதுசுக்கு இந்தப் பழைய சிப்பை அடையாளமே தெரியாது. இது பிறந்தப்ப கூடவே வந்த டிரைவர் வேணும்.”

சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிஸ்கட் டின்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் டின்னில் இல்லை, இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் பாதியில் டீச்சர் வெளி டிஸ்க்கோடு வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்ததும் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்டு எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு நாலாவது டின்னை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்த சி.டி. கட்டுல பாதிய இப்படிக் குடு” என்றார். மாட்டேனக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். குப்பை என்று சொன்னவர் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்த சி.டி.யைக் கண்டுபிடித்தது டீச்சர். நாலாவது டின்னின் அடியில், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதியோடு. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் எழுப்பிய சத்தத்தில் செருப்புக் கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அதில் இரண்டு ஃபோல்டர்: முப்பத்திரண்டு பிட் ஓ.எஸ்.ஸுக்கு ஒன்று, அறுபத்து நாலுக்கு ஒன்று. அறுபத்து நாலை பென்டிரைவில் போட்டாள், கறுப்புத் துளையில் செருகினாள், தேடச் சொன்னாள். பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். நீளப் பட்டை மெதுவாக நகர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி நகர்ந்தது.

திரை மாறியது. மத்தியானம் இரண்டு வரியாகக் கிடந்தது இப்போது ஒரே டிஸ்க். அதற்குள் இரண்டு பகுதி: ஒன்று ஓ.எஸ். படுத்துக் கிடக்கும் சின்னது, இன்னொன்று பெரியது. பெரியதன் பெயர் ‘அகராதி’.

டீச்சர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மாட்டேனக்கா அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

இன்ஸ்டாலரிலேயே கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க விட்டாள். மூன்று மணி நேரம் பிடித்தது. டீச்சர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஃபைல் பெயர்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை எழுதிக் கேட்டார்: ‘டிரைவர் என்றால் என்ன?’ மாட்டேனக்கா விளக்கி எழுதினாள். டீச்சர் படித்துவிட்டு, ‘அதைத்தான் நான் தினமும் ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் தேடுகிறேன். கிடைப்பதில்லை’ என்று எழுதினார்.

பிரதி முடிந்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு மிஷினில் மாட்டி ஒரு வீடியோவைத் திறந்தாள். ஒரு பெண் கையை அசைத்து எதையோ சொன்னாள். முதலாளி ஒலிபெருக்கியைத் தட்டினார்.

“அடடா, சவுண்டு வரலையே. சவுண்டு டிரைவர் போயிருச்சா?”

“அண்ணே, இதுல சவுண்டே கிடையாது.”

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். மாட்டேனக்கா அவர் கேட்டதை டீச்சருக்கு எழுதிக் காட்ட, டீச்சர் சிரித்த சிரிப்பில் மச்சானும் சேர்ந்துகொண்டார். பிறகு மச்சான் நோட்டை வாங்கி, ரொம்ப நேரம் யோசித்து, ‘மன்னிக்கவும். நான் படித்துக் காட்டியிருக்க வேண்டும்’ என்று எழுதினார். டீச்சர் படித்தார். தலையை ஆட்டவும் இல்லை, பதிலும் எழுதவில்லை. நோட்டை மூடிக்கொண்டார். அது அவர் உரிமை.

கிளம்புவதற்கு முன் டீச்சர் மாட்டேனக்காவிடம் எழுதிக் கேட்டார்: ‘நாலாயிரத்து முந்நூறு வார்த்தை. உங்களுக்கு எது பார்க்க வேண்டும்?’

அவளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எழுதினாள்.

டீச்சர் தேடித் திறந்தார். வழுக்கைத் தலை, முன்பற்கள் இல்லாத ஒரு கிழவர். நெஞ்சருகே கையை மடக்கி வைத்து, கேமராவை ஒரு முறை முறைத்து, உள்ளங்கையை வெளிப்பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளினார். எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் இரண்டு அடி பின்னால் போயிருப்பார்.

‘மூட்டை தூக்கியவர்’ என்று டீச்சர் எழுதினார். ‘போன வருடம் இறந்துவிட்டார். மாட்டேன் என்பதை இவர் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை.’

மாட்டேனக்கா அந்த வீடியோவை ஆறு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஏழாவது தடவை தன் கையை வைத்துச் செய்து பார்த்தாள். டீச்சர் அவள் முழங்கையைப் பிடித்து அரை அங்குலம் உயர்த்திவிட்டார்.

மறுநாள் காலை டீச்சரின் மிஷினில் ஓ.எஸ். போட்டு முடித்திருந்தாள், சின்னப் பகுதியை மட்டும் அழித்து, பெரியதைத் தொடாமல். முதலாளி உள்ளறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அதே படிவம், புதிதாக அச்சடித்தது, அதே எறும்பு எழுத்து.

“இந்தாம்மா, நேத்து நடந்தது நேத்தோட போச்சு. இன்னிக்கு வர்றவங்ககிட்ட இதுல கையெழுத்து வாங்கிடு.”

மாட்டேனக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள். கையை நெஞ்சருகே மடக்கினாள். அவரை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

முதலாளி ஒரு அடி பின்னால் போனார். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. படிவக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குத் திரும்பினார், எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் போட்டார்.